டெவிலுக்கும் டீமனுக்கும் என்ன வாய்க்கால் தகராறு?

கேள்வி இதுதான்: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் டெவில், டீமன் இரண்டுமே தீயவை, இரண்டுமே பாதாளத்து ஆட்கள். அப்புறம் ஏன் ஒன்றையொன்று கண்டால் வெட்டிக்கொள்கின்றன? இந்தப் பகையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா, இல்லை புத்தகத்தோடு போகிற பின்னணிக் கதையா?"

கிடைக்கும். ஆனால் பகையின் காரணத்தைப் பிடித்தால்தான் கிடைக்கும்.

தெரியாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் கதாபாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம். முதலில் பெயர்ச் சிக்கலை முடித்துவிடலாம். தமிழில் பேய், பிசாசு, பூதம், அரக்கன், அசுரன் என்று சொற்களுக்குப் பஞ்சமே இல்லை; ஆனால் எதுவும் இங்கே சரியாக உட்காராது. பேய் என்றதும் செத்தவர்களின் ஆவி நினைவுக்கு வருகிறது. அரக்கன் என்று எழுதலாம் என்றால், புலித்தலையும் பின்பக்கம் திரும்பிய உள்ளங்கையுமாக ராக்ஷசா என்று ஒருவர் தனி இனமாகவே இந்த ஆட்டத்தில் இருக்கிறார். அசுரன் என்றால், இதே வகையைச் சேர்ந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தில் அசுராக்கள் தனிக் கூட்டம். அதனால் டெவில், டீமன் என்றே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஃபீண்ட்.

வழக்கமான பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். டெவில்கள் ஒழுங்குள்ள தீமை, டீமன்கள் ஒழுங்கற்ற தீமை, அதனால் ஒத்துப்போகாது. தப்பில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்கு பிடித்தவனும் ஒழுங்கு பிடிக்காதவனும் ஒரே வீட்டில் குடியிருந்தால் எரிச்சல் வரும். யுகக்கணக்கில் போர் வராது. இந்தப் பதிலை மட்டும் நம்பி ஆட்டம் நடத்துகிறவர்களிடம் டெவில் எப்போதும் கோட்டு போட்ட வக்கீலாகவும், டீமன் எப்போதும் கத்திக்கொண்டே ஓடிவரும் முரடனாகவும்தான் வருவார்கள். இரண்டாவது வாரமே சலித்துவிடும்.

நான் பிடித்துக்கொள்வது வேறு நூல். ஒரு மனித ஆன்மா கையில் கிடைத்தால் அதை என்ன செய்வாய்? டெவிலுக்கு அது முதலீடு. டீமனுக்கு அது தீனி. யூகொலாத் என்று மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு, அவர்களுக்கு அது கூலி. பகை முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டெவிலோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனின் ஆன்மா, டெவில்களின் உலகமான ஒன்பது நரகத்துக்குள் வந்து சேர்ந்ததும் லெமூர் ஆகிறது. உருகிய மெழுகுபோல வடிவம் இல்லாத சதைப் பிண்டம். பேச்சு கிடையாது, சொந்த யோசனை கிடையாது. ஆனால் அது ஒரு படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கிறது. மேலிடம் நினைத்தால் அதை இம்ப் என்ற குட்டி டெவில் ஆக்கலாம், அப்புறம் அதற்கு மேல், அதற்கும் மேல், என்றோ ஒருநாள் பிட் ஃபீண்ட் என்ற தளபதி வரைகூட. காரியத்தைக் கெடுத்தால் அதே படிக்கட்டில் கீழேயும் உருட்டிவிடுவார்கள். டீமன்களின் உலகமான அபிஸில் விழுகிற ஆன்மாவோ மேனீஸ் ஆகிறது. அதுவும் கடைநிலைதான். ஆனால் அங்கே படிக்கட்டு இல்லை, பசிதான் இருக்கிறது. டீமன் பிரபுக்கள் மேனீஸை அப்படியே விழுங்குவார்கள். விழுங்கினால் அந்த ஆன்மாவின் கதை அத்தோடு முடிந்தது. ஆர்கஸ் என்ற பிரபு மட்டும் அவற்றை நடமாடும் பிணங்களாக மாற்றி வைத்துக்கொள்வான்.

இப்போது உலகத்தைப் பற்றி இரண்டு பேரிடமும் கேட்டுப் பாருங்கள். டெவிலுக்கு உலகம் நீடிக்க வேண்டும். மனிதர்கள் பிறக்க வேண்டும், ஆசைப்பட வேண்டும், கடன்பட வேண்டும், சாக வேண்டும். டீமனுக்கு நாளை என்று ஒன்று இருப்பதே தொந்தரவு. முட்டைக்காகக் கோழி வளர்ப்பவனுக்கும், கோழியைக் கண்டாலே கழுத்தைத் திருகுகிறவனுக்கும் நடுவே என்ன சமாதானம் பேச முடியும்? கோழிக்கு இருவரில் யாரும் வேண்டப்பட்டவர் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் போருக்கு ரத்தப்போர் என்று பெயர். ஆட்டத்தில் இது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆட்டம் வெளிவந்தது 1974இல். 1976இல் வந்த ஒரு துணைநூலில் டீமன்கள் வந்தார்கள். 1977இல் மான்ஸ்டர் மேனுவல் என்ற நூலில் டெவில்கள் சேர்ந்தார்கள். அப்போது இரண்டும் இரண்டு வகை எதிரிகள், அவ்வளவுதான். 1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் சாத்தான் வழிபாடு என்று பெரிய கூச்சல் கிளம்பியது. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டெவில், டீமன் என்ற இரண்டு சொற்களையுமே எடுத்துவிட்டார்கள். 1991இல் வந்த தொகுப்பில் அதே ஆட்கள் புதுப் பெயரோடு திரும்பி வந்தார்கள்: டெவில்கள் பாடெஸு, டீமன்கள் டனாரி. அதே தொகுப்பில்தான் ரத்தப்போரும் வந்தது. பழைய பெயரின் மிரட்டல் போய்விட்டது, அந்த இடத்தை நிரப்ப ஒரு பெரிய கதை தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றும். கூச்சல் போட்டவர்களுக்கு ஒருவிதத்தில் நன்றி சொல்ல வேண்டும். 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற ஆட்ட உலகம் இந்தப் போரை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தது. 1996இல் போருக்கென்றே ஒரு பெட்டித் தொகுப்பு வந்தது. 2008இல் நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியது. டெவில்கள் தங்கள் கடவுளைக் கொன்ற தேவதூதர்கள், டீமன்கள் கெட்டுப்போன பஞ்சபூத சக்திகள் என்று மாற்றிச் சொன்னது. எனக்கு அது ஒட்டவில்லை. 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பு நூல் ஒன்றின் முதல் அத்தியாயமே ரத்தப்போர்தான். அங்கே பழைய வடிவம் மீண்டும் உயிரோடு இருக்கிறது.

சரி, போர் எங்கே நடக்கிறது? தலைப்பில் வாய்க்கால் தகராறு என்று எழுதியது விளையாட்டுக்கு இல்லை. ஸ்டிக்ஸ் என்ற ஆறு கீழுலகங்கள் எல்லாவற்றின் வழியாகவும் ஓடுகிறது. தண்ணீர் பட்டால் நினைவு அழிந்துவிடும். அந்த ஆற்றின் வழியாக டீமன் கூட்டம் வந்து இறங்குகிற இடம் அவெர்னஸ், ஒன்பது நரகத்தின் முதல் அடுக்கு. ஒருகாலத்தில் தேவதூதியாக இருந்து, இந்தப் போரின் மேல் கொண்ட வெறியாலேயே தவறிவிழுந்த ஸாரியல் அங்கே ஆட்சி செய்கிறாள். கீழே எட்டு அடுக்குகள், எல்லாவற்றுக்கும் அடியில், நெஸஸ் என்ற அடுக்கில், டெவில்களுக்கெல்லாம் அரசன் அஸ்மோடியஸ்.

இந்த இடத்தில் விதிப்புத்தகத்தில் ஒரு சின்ன வரி இருக்கிறது. பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இந்தப் போரே அந்த வரியில்தான் இருக்கிறது. டெவில் தன் நரகத்துக்கு வெளியே செத்தால் சாவதில்லை, ஊர் திரும்பிப் பழையபடி எழுந்துவிடும். நரகத்துக்குள் செத்தால் நிரந்தரச் சாவு. டீமனுக்கும் அப்படித்தான், அபிஸுக்குள் கொன்றால்தான் உண்மையாகச் சாகும். இப்போது போர்க்களம் எங்கே என்று யோசியுங்கள். அவெர்னஸ், டெவில்களின் சொந்த மண். அங்கே விழுகிற ஒவ்வொரு டெவிலும் போனது போனதுதான். அங்கே விழுகிற ஒவ்வொரு டீமனும் அபிஸில் எழுந்து மறுபடி வரிசையில் வந்து நிற்கும். கடைநிலை லெமூருக்கு மட்டும் விலக்கு உண்டு; சில நாளில் தானே மீண்டுவிடும். மற்றபடி, ஒரு பக்கம் ஆள் குறைந்துகொண்டே போகிற போர் இது.

டெவில்கள் ஏன் இப்படி ஒப்பந்தப் பத்திரத்தோடு ஊர் ஊராக அலைகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பச்சையான காரணம் வேண்டுமா? பேராசை உண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் ஆள் பற்றாக்குறை. அஸ்மோடியஸ் இதையே தன் பெருமையாகவும் மாற்றிக்கொண்டான்: "நான் இந்தச் சுவரைத் தாங்காவிட்டால் டீமன்கள் உங்கள் எல்லாரையும் விழுங்கிவிடுவார்கள், அதற்கு விலையாகத்தான் சில ஆன்மாக்கள்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இங்கே மழை நிஜம். டீமன்கள் உண்மையாகவே வருகிறார்கள். அதனால்தான் இந்த வாதத்தை ஆட்டக்காரர்களால் எளிதில் தள்ள முடிவதில்லை.

அப்படியானால் டெவில்கள் அபிஸுக்குள் புகுந்து அடிக்கலாமே? அபிஸுக்குச் சொல்லப்படும் அடுக்குக் கணக்கு 666. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது அங்கேயே இருப்பவர்களுக்கும் நிச்சயம் கிடையாது. பிடித்த இடத்தில் கொடி நட்டுவிட்டுத் திரும்பினால் இடமே மாறியிருக்கும்.

நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்று ஒருநாள் பொழுதுபோகாமல் பகடையை உருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் பேலார், டீமன்களில் தலைப்புள்ளி. மறுபக்கம் பிட் ஃபீண்ட், டெவில்களில் தளபதி. 2014 மான்ஸ்டர் மேனுவல் கணக்கில் பேலாருக்கு 262 உயிர்ப்புள்ளி, பிட் ஃபீண்டுக்கு 300. பேலாரின் பெருமையே நெருப்பு: நெருப்புச் சாட்டை, கிட்டே நின்றாலே சுடுகிற உடம்பு, செத்தால் 20 பகடை நெருப்பாக வெடிப்பது. பிட் ஃபீண்டுக்கு நெருப்பு ஒன்றுமே செய்யாது. சரி, பிட் ஃபீண்ட் என்ன வைத்திருக்கிறது? நினைத்தபோதெல்லாம் நெருப்புக்கோளம், எரிகிற கதாயுதம், கடியில் விஷம். பேலாருக்கு நெருப்பும் ஏறாது, விஷமும் ஏறாது. ஆக இரண்டு பேரும் தங்கள் சிறந்த ஆயுதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டையும் கம்பும் நகமுமாகத் தெருச்சண்டை போட வேண்டியதுதான். பேலாரின் வாளில் ஏறியிருக்கும் மின்னல் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். மனிதர்களைப் பொசுக்குவதற்கென்றே செய்துவைத்த ஆயுதங்கள் இவை; ஒருவரையொருவர் முடிப்பதற்கு இவை லாயக்கில்லை. போர் ஏன் முடிவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று என் ஆட்டத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவது கூட்டம் யூகொலாத்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதுதான் இவர்கள் கொள்கை. இன்று டெவில் பக்கம், நாளை டீமன் பக்கம், எவன் அதிகம் கொடுக்கிறானோ அவன் பக்கம். பழைய நூல்களில் இவர்களுக்கு டேமன் என்று பெயர் இருந்தது. டீமனோடு குழம்பியதால் 1991இல் இதையும் மாற்றினார்கள், நல்ல வேளை. 2014 நூலின்படி, நரகத்தோடு கட்டுண்டு கிடக்காத ஒரு படை வேண்டும் என்று அஸ்மோடியஸ் கேட்டு, கெஹென்னா என்ற கீழுலகில் நைட் ஹேக் சூனியக்காரிகள் இவர்களைச் செய்து கொடுத்ததாகப் பேச்சு. செய்தவர்கள் எல்லா யூகொலாத்களின் உண்மைப் பெயரையும் நான்கு புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். ஒரே ஒருவர் பெயர் மட்டும் அதில் இல்லை, கெஹென்னாவின் தளபதி. பிளேன்ஸ்கேப் காலத்துக் கதை நேர் எதிர்: யூகொலாத்கள்தான் மூத்தவர்கள், மற்ற இரண்டும் இவர்கள் உதறித் தள்ளிய அழுக்கிலிருந்து வந்தவை. எது சரி என்று கேட்டால், இரண்டையுமே அந்தந்தக் கட்சிக்காரர்கள் பரப்பிய கதையாக வைத்துக்கொள்வேன். ஆட்டத்துக்கு அதுதான் சுவை.

வெளிப்பகை இப்படி என்றால், உள்ளே நடப்பது சுத்தமான பங்காளிச் சண்டை. டெவில்களிடையே இது பதவிச் சண்டை. பேல்ஸெபுல் ஒருகாலத்தில் அழகன், தவறு செய்ததற்காக அஸ்மோடியஸ் அவனை ஓடில்லாத நத்தை மாதிரி வழவழத்த உடம்பாக்கிவிட்டான். மெஃபிஸ்டோஃபிலிஸ் எட்டாம் அடுக்கில் உட்கார்ந்துகொண்டு மேலிடம் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பவன், அதை மறைப்பதுகூட இல்லை. டீமன் பிரபுக்களில் டெமோகார்கன், ஆர்கஸ், கிராஸ்ட் மூவருக்கும் தீராப் பகை. டெமோகார்கனுக்கு வெளியே எதிரியே வேண்டாம்; அவனுடைய இரண்டு தலைகளும் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டப் பார்க்கின்றன. டெவிலின் உள்பகை போரை நிறுத்தாது, மெதுவாக்கும். டீமனின் உள்பகை போரையே பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போகச் செய்யும். இந்த வித்தியாசம் மட்டும் இல்லாவிட்டால் ஒன்பது நரகம் எப்போதோ காலியாகியிருக்கும்.

மற்ற ஆட்டங்களில் கணக்கு வேறு. பாத்ஃபைண்டரில் ரத்தப்போர் கிடையாது, ஆனால் அங்கே இருக்கும் ஒரு பகை எனக்கு இதைவிடப் பிடிக்கும். அபிஸின் ஆதிக் குடிகள் க்ளிஃபாத் என்பவர்கள். பாவம் செய்த மனித ஆன்மாக்களிலிருந்து டீமன்கள் பின்னால் முளைத்து, ஆதிக் குடிகளைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் க்ளிஃபாத்துக்கு மனிதன் மேல் கோபம். மனிதன் இருந்தால் பாவம் இருக்கும், பாவம் இருந்தால் டீமன் பிறப்பான். குடியேறியவனோடு சண்டை போட்டு அலுத்துப்போய், ஊற்றையே அடைக்கப் பார்க்கிறார்கள். அங்கே டேமன் என்ற பெயரும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அவர்கள் கூலிப்படை இல்லை; எல்லா ஆன்மாவும் ஒழிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அவர்களில் ஆகச் சிறியது காகோடேமன். செத்து ஒரு நிமிடத்துக்குள் இருக்கும் ஆன்மாவை விழுங்கி வயிற்றுக்குள் ரத்தினக்கல்லாக்கிக் கக்கும். கூட்டாளி விழுந்த அடுத்த நொடியில் இது ஒன்று பறந்து வருவதைக் காட்டிப் பாருங்கள், மேசையில் யாரும் செல்பேசியைப் பார்க்க மாட்டார்கள். வார்ஹாமர் ஆட்டத்தில் டெவில், டீமன் என்ற பிரிவே இல்லை. நான்கு கேயாஸ் தெய்வங்களின் படைகள்தான். கார்னுக்கு ஸ்லானேஷைப் பிடிக்காது, நர்கிலுக்கும் ஸீன்ச்சுக்கும் ஆகாது. மந்திரம் என்றாலே கார்னுக்கு அருவருப்பு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிச் சண்டை தானாக எழுதப்பட்டுவிடும்.

இனி மேசைக்கு வருவோம். பகையை வசனமாகச் சொல்லாதீர்கள். ஆட்டக்காரர்கள் கையில் கொடுங்கள். 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் இதற்கு ஓர் அருமையான வழி இருந்தது: டெவிலைக் காயப்படுத்த வெள்ளி, டீமனைக் காயப்படுத்தக் குளிர் இரும்பு என்ற தனிவகை இரும்பு. எதிரே நிற்பது எது என்று தெரியாமல் எந்த வாளை உருவுவது? தெரிந்துகொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது அல்லவா. தமிழில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி, அது ஆங்கிலத்தில் கிடையாது. என் டெவில்கள் எல்லாரையும் "நீங்கள்" என்பார்கள், பத்திர நடையில் பேசுவார்கள், "மேற்படி" என்ற சொல் வாயில் வந்துகொண்டே இருக்கும். டீமன்களுக்கு "டேய்" தான். முகத்தை வர்ணிப்பதற்கு முன்பே மேசையில் இருப்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். செத்துப்போன மந்திரவாதி ஒருவனின் கோபுரத்தில் இரண்டு கூண்டுகள். ஒன்றில் இம்ப், ஒன்றில் குவாசிட். தெரியாதவர்களுக்கு: இரண்டும் முழங்கால் உயரம், இரண்டும் உருமாறும், இரண்டும் மாயமாக மறையும், இரண்டையும் மந்திரவாதிகள் எடுபிடியாக வைத்துக்கொள்வார்கள். ஒன்று டெவில், மற்றது டீமன். அன்றைக்கு இரண்டுமே வாயைத் திறக்கவில்லை. ஆட்டக்காரர்களில் ஒருத்தி தீப்பந்தத்தை முதல் கூண்டுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தது அசையவில்லை. இரண்டாவதில் நீட்டியதும் அது பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கியது. இம்புக்கு நெருப்பு படாது, குவாசிட்டுக்குப் பாதி படும். புத்தகத்தைப் புரட்டாமல் அவள் கண்டுபிடித்ததைப் பார்த்து நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

அதற்கப்புறம் இரண்டும் பேச ஆரம்பித்தன. குவாசிட் கேட்டது ஒன்றுதான்: "டேய், அந்தக் கூண்டைத் திற. அவனைத் தின்றுவிட்டு நான் போகிறேன்." இம்ப் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்த்தலைவர் ஏழு வருடச் செழிப்புக்காகத் தன் எஜமானரிடம் ஆன்மாவை எழுதிக் கொடுத்திருப்பதையும், கெடு முடிய மூன்று நாள் பாக்கி என்பதையும், அதற்குள் தலைவர் இறந்தால் மேற்படி பேரம் ரத்தாகும் என்பதையும் விளக்கியது. குவாசிட்டின் கூட்டாளிகள் அன்றிரவே தலைவர் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னது. "உங்களுக்கும் அவர் உயிரோடு இருக்க வேண்டும், எங்களுக்கும் இருக்க வேண்டும். இதில் தகராறு எங்கே?"

அரைமணி நேரம் வாதாடிவிட்டு இம்பைத் திறந்துவிட்டார்கள். அது சொன்ன சொல் தவறவில்லை. வந்த டீமன்கள் ஒவ்வொன்றும் எந்தச் சன்னல் வழியாக நுழையும் என்று முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது, வாலால் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டியது. விடியும்போது தலைவர் உயிரோடு இருந்தார். அவருடைய மனைவி இவர்கள் காலில் விழுந்தாள். மூன்று நாள் கழித்து ஒப்பந்தம் முதிர்ந்தது, தலைவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த நாள் காலையில் இவர்கள் தங்கியிருந்த அறையின் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மேற்படி ஆன்மாவைக் கெடு முடியும்வரை பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுத்தமைக்கு நன்றி, என்று ரசீது. கீழே நான்கு பேரின் பெயரும் வரிசையாக. தீப்பந்தம் நீட்டியவள் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இந்த ஊரில் யாரிடமும் என் நிஜப் பெயரைச் சொல்லவே இல்லையே."